பிரேக் பிடித்ததால் நடந்த விபத்து

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல்லில் 31 ஆண்டுகளாக லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் ஏர் பிரேக் வேலை செய்து வருகிறேன். எங்கள் பட்டறைக்கு வரும் உங்கள் நாளிதழை முதலில் பிரிப்பவன் நான்தான். டிரெய்லர் விபத்து என்று செய்தி வந்தால் அதை இரண்டு முறை படிப்பேன். பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "பிரேக் பிடிக்காததால் லாரி கட்டுப்பாட்டை இழந்தது." அந்த வரியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சில விபத்துகளுக்கு அந்த வரி பொருந்தும். தொப்பூர் இறக்கத்தில் முழு லோடுடன் வருபவர் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், டிரம் கொதித்து லைனிங் வழுக்கிவிடும். அங்கே பிரேக் உண்மையாகவே பிடிக்கவில்லை. அதற்கு நான் இங்கே எழுதப்போகும் ஏபிஎஸ் கருவியும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) மருந்தாகாது. ஆனால் மழை நாளில், சமமான சாலையில், காலி டிரெய்லர் குறுக்கே திரும்பிக்கொண்டு தடுப்புச் சுவரில் மோதி நிற்கிறதே, அது வேறு கதை. அங்கே பிரேக் பிடித்திருக்கிறது. அளவுக்கு மீறிப் பிடித்துச் சக்கரத்தையே பூட்டியிருக்கிறது.

ஏர் பிரேக்கில் டிரைவரின் கால் கட்டளை மட்டும்தான் கொடுக்கிறது. வேலையைச் செய்வது டேங்கில் அடைத்து வைத்திருக்கும் காற்று. 30 டன் சரக்கோடு ஓடும் வண்டியை நிறுத்துவதற்கென்று கணக்குப் பார்த்து வைத்த பலம் அது. சரக்கின் எடைக்குத் தக்கபடி காற்றைக் குறைக்கும் வால்வு எல்லா டிரெய்லரிலும் இல்லை. இல்லாத வண்டியில், காலியாக வரும்போதும் அதே பலம்தான் சக்கரத்தின் மேல் இறங்குகிறது. ஈரத் தரையில் அந்தச் சக்கரம் சுழல்வதை நிறுத்திச் சறுக்க ஆரம்பிக்கும். சுழலும் சக்கரம் தன் தடத்தில் நிற்கும். சறுக்கும் சக்கரத்துக்கு முன்னும் ஒன்றுதான், பக்கமும் ஒன்றுதான். சாலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் டிரெய்லரின் பின்பகுதி கிளம்பிவிடும். முன்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அது கண்ணாடியில் தெரியும்போது, செய்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

2019 நவம்பரில் அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. மூன்று ஆக்சில் டிரெய்லர், 2016இல் செய்தது. பெங்களூருவைத் தாண்டி எங்கோ சரக்கை இறக்கிவிட்டு மழையில் காலியாகத் திரும்பியிருக்கிறார்கள். முன்னால் போன கார் திடீரென்று நின்றிருக்கிறது. டிரைவர் பரமத்திப் பக்கத்துப் பையன், 26 வயது இருக்கும். இடது கையில் மாவுக்கட்டுடன் வந்து நின்றான். "பிரேக் பிடிக்கவில்லையா தம்பி?" என்று கேட்டேன். "நன்றாகப் பிடித்தது அண்ணா. பிடித்த பிறகுதான் பின்னால் இருப்பது என் வண்டி மாதிரியே இல்லை" என்றான்.

டயர்களைப் பார்த்தேன். நடு ஆக்சிலில் நான்கு டயரிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. சுழலாமல் இழுபட்ட டயருக்கு அதுதான் அடையாளம். உரிமையாளர் என்னைக் கேட்டதெல்லாம் டயரை உருட்டிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்பதைத்தான். நான் கேபினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். டிரெய்லரின் ஏபிஎஸ் வயர், அந்தச் சுருள் வயர், சாக்கெட்டில் செருகப்படாமல் கயிற்றால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. பின்கள் பச்சை பூத்துப் போயிருந்தன. அது மாதக்கணக்காக எங்கும் செருகப்படவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் சென்சார் இருக்கிறது, வால்வு இருக்கிறது, கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் கூட இருக்கிறது. மின்சாரம் மட்டும் இல்லை.

இங்கேதான் இந்தக் கருவியின் பெரிய ஆபத்து. முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் சிவப்பு ஹோஸ் கழன்றால் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், வண்டி ஓரடி நகராது. கிளீனர் ஓடிப் போய் மாட்டியே ஆக வேண்டும். ஏபிஎஸ் வயர் கழன்றால் எதுவும் நடக்காது. பிரேக் வழக்கம்போல் பிடிக்கும், வண்டி வழக்கம்போல் ஓடும், சரக்கு போய்ச் சேரும். ஏபிஎஸ் செத்துவிட்டது என்பதை ஒருவரும் உணராமல் ஐந்து வருடம் ஓட்டலாம். அது தேவைப்படும் அந்த மூன்று வினாடி வரும் வரைக்கும்.

கனரக வண்டிகளுக்கான ஏபிஎஸ் நேற்று வந்த பொருள் இல்லை. ஐரோப்பாவில் 1981 முதலே விற்பனையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1998 மார்ச் முதல் தயாராகும் ஏர் பிரேக் டிரெய்லர்களில் அது கட்டாயம். நம் நாட்டில் 2015இல் புதிய லாரிகளுக்கும் பஸ்களுக்கும் கட்டாயமானது. ஏர் பிரேக் பாகங்களோ நம் சென்னையில், பாடியில், 1960களிலிருந்து தயாராகின்றன. பொருளுக்குக் குறைவில்லை. அதைச் சரியாகப் பொருத்துவதற்கும், பொருத்தியது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும்தான் ஆள் இல்லை.

பழைய டிரெய்லருக்கு ஏபிஎஸ் போட்டுத் தாருங்கள் என்று வருடத்துக்கு ஏழெட்டுப் பேராவது என்னிடம் வருகிறார்கள். முன்வண்டி புதிது, டிரெய்லர் பழையது. முன்வண்டி நேராக நிற்கப் பார்க்கும், பின்னால் வருவது அதைத் தள்ளும். இந்தப் பொருத்தமின்மையை உணர்ந்து வரும் உரிமையாளர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களிலும் பலர் இதை ஹாரன் மாற்றுவது போன்ற வேலை என்று நினைக்கிறார்கள். காலையில் விட்டுவிட்டு மதியம் வண்டியைக் கேட்கிறார்கள். நானும் என் உதவியாளரும் சேர்ந்து செய்தால் ஒன்றரை நாள் ஆகும். ஏன் அவ்வளவு நேரம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படிக்கும் உரிமையாளர் ஒருவராவது அடுத்த முறை மெக்கானிக்கை அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டேங்கில் உள்ள காற்று முழுவதையும் திறந்துவிட வேண்டும். அப்போதே பாதி வண்டிகளின் கதை தெரிந்துவிடும். காற்றோடு காபி நிறத்தில் தண்ணீரும் எண்ணெயும் கொட்டும். அந்தச் சேறு புதிய வால்வுக்குள் போனால் ஆறு மாதம்கூடத் தாங்காது. அதனால் டேங்கைச் சுத்தம் செய்யாமல் நான் வால்வைத் தொடுவதில்லை.

பிறகு சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றுவோம். எந்த ஆக்சிலின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளுமோ அதில்தான் சென்சார் வர வேண்டும். அது சஸ்பென்ஷனைப் பொறுத்தது, கைக்கு எட்டும் ஆக்சிலில் போட்டுவிட்டுப் போக முடியாது. ஹப்பின் உள்பக்கத்தில் பல் வெட்டிய ஒரு வளையத்தை உட்கார வைக்க வேண்டும். பெரும்பாலும் 100 பல் இருக்கும். சென்சாருக்குள் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். ஒவ்வொரு பல்லும் அதைக் கடக்கும்போது மெல்லிய மின்துடிப்பு உண்டாகிறது. துடிப்பின் வேகம் திடீரென்று குறைந்தால் சக்கரம் பூட்டப் போகிறது என்று ஏபிஎஸ்ஸின் மின்னணுப் பெட்டி புரிந்துகொண்டு, அந்தப் பக்கத்துக் காற்றை விட்டு, மறுபடியும் ஏற்றி, வினாடிக்குப் பல முறை இதையே செய்கிறது. அனுபவமுள்ள டிரைவர் மழையில் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பாரே, அதுதான். ஆனால் எந்த மனிதக் காலாலும் முடியாத வேகத்தில், சக்கரம் சக்கரமாகப் பார்த்து.

அந்தத் துடிப்பு வர வேண்டுமானால் பல்லுக்கும் சென்சாருக்கும் நடுவில் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். வளையம் கோணலாக உட்கார்ந்தாலோ, சுத்தியலால் அடித்து ஒரு பல் நசுங்கினாலோ, சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்டிக்குப் பொய்த் தகவல் போகும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் ஹப் ஆடி ஆடிச் சென்சாரைப் பின்னால் தள்ளிவிடும். பேரிங்கைச் சரிசெய்யாமல் ஏபிஎஸ் போடுவது அடித்தளம் இல்லாமல் சுவர் எழுப்புவது. பேரிங்கும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், "நான் ஏபிஎஸ் போடத்தானே வந்தேன்?" என்று கோபப்படுகிறார்கள்.

சென்சாரைப் பொருத்துவது மிக எளிது. அதனாலேயே அதில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். கிரீஸ் தடவி, பல்லில் முட்டும் வரை கையால் அழுத்தினால் போதும். சக்கரம் சுற்றும்போது வளையமே தனக்கு வேண்டிய இடைவெளியை ஏற்படுத்திக்கொள்ளும். அழுத்திப் பிடிக்கும் கிளிப் பழையதானால் மாற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, சுத்தியலால் தட்டி உடைத்த சென்சார்கள் என் அலமாரியில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் பையனிடம் முதல் நாள் அந்தப் பெட்டியைத்தான் கொடுப்பேன்.

அடுத்தது, பெட்டி சொல்கிறபடி காற்றை விட்டு ஏற்றும் வால்வு. அதன் ஒவ்வொரு வாயிலும் எண் போட்டிருக்கும்: 1 காற்று வருவது, 2 பிரேக் சேம்பருக்குப் போவது, 3 வெளியேறுவது, 4 டிரைவரின் கால் அனுப்பும் கட்டளை. இந்த எண்களைப் படிக்கத் தெரியாமல் ஹோஸின் நீளம் பார்த்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியேறும் வாய் கீழே பார்க்க வேண்டும், இல்லையென்றால் சேறும் தண்ணீரும் உள்ளே தேங்கும். இரண்டு பக்கத்து ஹோஸும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்கும்.

இரண்டு சென்சார், இரண்டு வால்வு உள்ள அமைப்பில் மாபெரும் தவறு ஒன்று இருக்கிறது. இடது சக்கரத்தின் வயரை வலது பக்கத்துக்கான இடத்தில் செருகிவிடுவது. செருகும்போது அழகாக உட்காரும், எச்சரிக்கை விளக்கும் சரியாக அணையும். ஆனால் இடது சக்கரம் பூட்டிக்கொள்ளும்போது பெட்டி வலது பிரேக்கை விடும். ஏபிஎஸ் இல்லாத வண்டியே மேல் என்று ஆகிவிடும். அதற்காக நான் இடது பக்கத்து வயர், ஹோஸ் எல்லாவற்றிலும் மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுவேன். பிறகு ஒரு கையால் வயரைப் பிடித்துக்கொண்டே சக்கரத்திலிருந்து வால்வு வரை தவழ்ந்து போய்ச் சரிபார்ப்பேன். 55 வயதில் முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு சோதனை. ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றுக் கசிவு பார்க்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என்று கையால் சுற்றி, சென்சார் வயரில் மீட்டர் வைத்தால், நான் பொருத்தும் வகைச் சென்சாரில் குறைந்தது 0.2 வோல்ட் காட்ட வேண்டும். கடைசியில் சாவியைத் திருப்பி, டிரெய்லருக்குப் பக்கத்தில் காதை வைத்து நிற்பேன். வால்வுகள் வரிசையாக "டிக்… டிக்" என்று சத்தம் போடும். பெட்டி விழித்துக்கொண்டு தன் கைகால்களை அசைத்துப் பார்க்கும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்காத வண்டியை நான் வெளியே அனுப்ப மாட்டேன்.

ஆசிரியர் அவர்களே, இதையெல்லாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஓர் உரிமையாளர் வந்தார். அவருடைய டிரெய்லரில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. மறுவாரம் எப்.சி. (தகுதிச் சான்று) பரிசோதனை இருந்தது. வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: பாடி கட்டும் இடத்தில் வெல்டிங் வைத்தபோது பெட்டியின் வயரைக் கழற்றவில்லை, பெட்டி எரிந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும். அவர் தயங்காமல் கேட்டார்: "பெட்டி வேண்டாம். சாவி போட்டதும் மூன்று வினாடி எரிந்துவிட்டு அணைகிற மாதிரி ஒரு டைமர் வைத்துக் கொடுங்கள். எப்.சி.க்கு அது போதும்." நான் மறுத்தேன். இரண்டு நாள் கழித்து அதே வண்டி விளக்கு "சரியாக" எரிந்து அணைய, எங்கள் பட்டறையைக் கடந்து போனது. யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள். என் தொழிலைச் சேர்ந்த ஒருவர்தான் செய்திருக்க வேண்டும். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த டைமர் விளக்கு ஏமாற்றுவது அதிகாரியை மட்டும் இல்லை. அந்த வண்டியை ஓட்டும் டிரைவரையும் ஏமாற்றுகிறது. ஏபிஎஸ் இருக்கிறது என்று நம்பி அவர் மழையில் பிரேக்கை முழுதாக மிதிப்பார்.

எப்.சி. பரிசோதனைக்கு வண்டிகளோடு நானும் போயிருக்கிறேன். விளக்கு, பிரதிபலிப்பு ஸ்டிக்கர், கண்ணாடி, டயர் எல்லாம் பார்க்கிறார்கள். உருளை மேல் ஏற்றிப் பிரேக்கின் பலத்தை அளக்கும் இயந்திரமும் இப்போது வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த உருளை மெதுவாகச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஏபிஎஸ் வேலைக்கே வராது. பிரேக் பலம் எவ்வளவு என்று அது சொல்லும், பூட்டிக்கொள்ளும் சக்கரத்தை விடுவிக்க ஆள் இருக்கிறதா என்று சொல்லாது. நான் போன எந்த இடத்திலும், எந்த முறையும், டிரெய்லரின் ஏபிஎஸ் வயரைச் செருகிச் சாவியைத் திருப்பி வால்வின் சத்தத்தைக் கேட்டவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

அதற்கு ஐந்து நிமிடம் போதும். முன்வண்டியையும் டிரெய்லரையும் சேர்த்து நிறுத்தி, வயர் சாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் வால்வுகள் டிக் டிக் என்று அடிக்க வேண்டும். டைமர் வைத்த விளக்கு எரிந்து அணையும், வால்வு பேசாது. திருட்டைப் பிடிக்க ஒரு காது போதும். சில அமைப்புகளில் வண்டி சுமார் 7 கி.மீ. வேகத்துக்கு நகர்ந்த பிறகுதான் விளக்கு அணையும், அதனால் இருபதடி ஓட்டியும் பார்க்க வேண்டும். விளக்கே எரியவில்லை என்றால் நல்லது என்று விட்டுவிடக் கூடாது, பல்பைக் கழற்றியிருப்பார்கள் அல்லது வயரே செருகியிருக்காது. போக்குவரத்துத் துறை இதை எப்.சி. படிவத்தில் ஒரு தனி வரியாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேஸ் டேங்கர்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும் ஊர் எங்களுடையது. இந்த ஐந்து நிமிடத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். என்னிடம் ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வேலைக்கு வருகிறார்கள். என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிகிறது, கெட்டிக்காரர்கள். டிரெய்லர் ஏபிஎஸ் சென்சாரைக் கையில் தொட்டவர் ஒருவர்கூட இதுவரை வந்ததில்லை. கிட்டுடன் வரும் கையேடோ ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். என் மகள் கல்லூரியில் படித்தபோது, இரவில் அந்தக் கையேட்டை வரி வரியாகப் படித்துச் சொல்வாள். நான் பட்டறையில் செய்து பார்த்து, தமிழில் நோட்டில் எழுதிக்கொள்வேன். அப்படித்தான் கற்றேன். மகள் வீட்டில் இல்லாத மெக்கானிக் என்ன செய்வார்? பாகங்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் தமிழில், படத்துடன், நான்கு பக்கம் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்தால் எத்தனையோ சென்சார் உடையாமல் தப்பும். சென்சார் கிடக்கட்டும், எத்தனையோ பேர் தப்புவார்கள்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிரெய்லர் குறுக்கே திரும்பிய விபத்து என்றால், "பிரேக் பிடிக்காததால்" என்று எழுதுவதற்கு முன் கேபினுக்குப் பின்னால் ஒரு முறை பாருங்கள். ஏபிஎஸ் வயர் சாக்கெட்டில் இருந்ததா, கயிற்றில் தொங்கியதா என்று ஒரு வரி எழுதுங்கள். நான்கு முறை அந்த வரி உங்கள் நாளிதழில் வந்தால், ஐந்தாவது முறை உரிமையாளர்களே தங்கள் வண்டியின் பின்னால் போய்ப் பார்ப்பார்கள்.

பரமத்திப் பையனின் கை சரியாகிவிட்டது. அவன் இப்போது வேறு வண்டி ஓட்டுகிறான். ஒவ்வொரு முறை டிரெய்லரை மாட்டும்போதும் முதலில் ஏபிஎஸ் வயரைச் செருகிவிட்டுத்தான் ஹோஸைத் தொடுவதாகச் சொன்னான். பின்னில் பச்சை பூக்காமல் இருக்க மாதம் ஒரு முறை துடைப்பதற்கு என்னிடம் வந்து ஸ்பிரே வாங்கிக்கொண்டு போகிறான்.

என்னுடைய அந்த நோட்டில் 43 பக்கம் நிரம்பியிருக்கிறது. கையெழுத்து சுமார்தான், படங்கள் கோணலாக இருக்கும், ஆனால் அளவுகள் சரியானவை. சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எந்த ஊர் மெக்கானிக் வேண்டுமானாலும் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஏர் பிரேக் மெக்கானிக் ஒருவர்,
நாமக்கல்.